அய்யாத்துரை வீட்டுக் குளிர் மெஷின்

செல்வநாதனைப் போலக் கைவேலை தெரிந்த ஆளையும் நான் பார்த்ததில்லை, அவனைப் போல எனக்கு எரிச்சல் மூட்டிய ஆளையும் பார்த்ததில்லை. ராயபுரத்தில் ஒரே ஐஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து குப்பை கொட்டினோம். அவன் மெஷின் ஃபிட்டர், நான் ஐஸ் பாளங்களை இழுத்து வண்டியில் ஏற்றுகிறவன். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவான். "இதுக்கு இங்கதான் நோவுது அருளு" என்பான். கழற்றிப் பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவனை ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் ஒரு ஜன்னல் மெஷின் மண்ணைக் கவ்வ வைத்தது.

அய்யாத்துரை துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார கேப்டன் ஒருவனிடம் அந்த மெஷினைப் பழசாக வாங்கிப் படுக்கையறை ஜன்னலில் மாட்டியிருந்தார். அதன் பின்பக்கம் கொல்லையைப் பார்த்திருந்தது. அந்த வீட்டில் சமையல் வேலை செல்வநாதனின் மனைவி அடைக்கலமேரிக்கு. அதற்கு முன் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் புண், சோறு பிசையக்கூட முடியாது. அய்யாத்துரை வீட்டு அடுப்படிக்குப் போன பிறகுதான் அந்தக் கை ஆறியது. அறை குளிரவில்லை என்று அவர் முணுமுணுத்தபோது, "எங்கூட்டுக்காரரு கை வச்சா ஜில்லுனு ஆயிடும் சார்" என்று வாக்குக் கொடுத்ததும் அவள்தான். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

முதல் ஞாயிறு, பூசை முடிந்து போனோம். செல்வநாதன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான். கடல் காற்றும் ரயில் கரியும் சேர்ந்து அதில் களிம்பாக அப்பியிருந்தன. அரை மணியில் அறை குளிர்ந்தது. மறுநாளே அடைக்கலமேரி அழாத குறையாக வந்து நின்றாள். பழையபடி வெறும் காற்றுதான் வருகிறதாம்.

இரண்டாம் ஞாயிறு. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி கேஸ் ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஒழுகவில்லை. மின்விசிறிக்கு எண்ணெய் விட்டான். பின்பக்கத் தகடுகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "உப்புக் காத்துய்யா" என்று பிரஷ் போட்டுத் தேய்த்தான். கிணற்று மதில் மேல் கிடந்த ஈரக் கோணியில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான். மறுபடி ஜில்லென்று ஓடியது. திங்கட்கிழமை மறுபடி புகார்.

அந்த வாரம் முழுக்க அவனோடு வேலை செய்வது நரகமாக இருந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். "நா இருந்தா ஓடுது, நா போனா மக்கர் பண்ணுது. இன்னாய்யா, மெசினா பேயா?" என்று என் மேல் பாய்ந்தான். நான் என்ன செய்வேன்?

மூன்றாம் ஞாயிறு அய்யாத்துரை நேராகவே சொல்லிவிட்டார். "இன்னியோட சரி. நாளைக்கு இது குளிரலேன்னா, உன் பெண்டாட்டி சொன்ன எதையும் நான் நம்புறதுக்கில்லை. அவளையும் அழைச்சுக்கிட்டுப் போயிடு." அடுப்படி வாசலில் நின்ற அடைக்கலமேரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

கழற்றினான், பூட்டினான், குளிர்ந்தது, கிளம்பினோம். ரயிலடி வந்ததும் ஸ்பேனரை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கொல்லைக் கதவைத் தள்ளினால், அடைக்கலமேரி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அந்தக் கோணியை வாளியில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட, மெஷினின் பின்பக்கத்தை மூடிப் போர்த்தினாள். நாலு பக்கமும் இழுத்துச் செருகினாள், பிள்ளைக்குப் போர்வை போர்த்துவதுபோல. எங்களைக் கவனிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் கம்பெனி முத்திரை குத்திய கோணி அது. ஈரக் கோணி போர்த்தினால் ஐஸ் கரையாது, சூடு அண்டாது என்று வீட்டில் நூறு தடவை சொன்னவனும் செல்வநாதன்தான். மெஷினோ, அறைச் சூட்டை அந்தப் பின்பக்கமாகத்தான் வெளியே ஊதித் தள்ள வேண்டும். அந்த வாயை அவள் தினமும் அடைத்திருக்கிறாள். அந்தக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புதான் தகட்டில் பூத்தது. அவன் வரும் நாளில் மட்டும், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

அவன் கோணியை உருவிச் சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "போய் அவளாண்ட சொல்லுய்யா" என்றேன். அதற்குள் சத்தம் கேட்டு அய்யாத்துரை கொல்லைக்கு வந்துவிட்டார்.

"மறுபடியும் என்ன?"

"ஒரு ஸ்க்ரூவ நா சரியா முடுக்கல சார். இப்ப கண்டுபுட்ச்சிட்டேன். இனிமே நிக்காம ஓடும்."

"ஒரு ஸ்க்ரூவுக்கு மூணு வாரமா? நீயெல்லாம் ஒரு ஃபிட்டரா!"

"என் தப்புதான் சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன், செல்வநாதன் என் காலை மிதித்தான்.

செவ்வாய்க்கிழமையும் அறை குளிர்ந்துகொண்டே இருந்தது. மேரி இருக்கலாம், அந்த ஆள் மட்டும் இனி படியேறக் கூடாது என்று அய்யாத்துரை சொல்லி அனுப்பினார். ஃபிட்டர் செல்வநாதனுக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாது என்ற பேச்சு அந்த வாரமே ஐஸ் கம்பெனி வரை வந்து சேர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அவன் வீட்டில் இருந்தேன். "மெசினு சரியாயிடுச்சில்ல, இனிமே அதும் மேல எதையும் போத்தாத" என்று பட்டும் படாமலும் சொன்னான்.

அடைக்கலமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓகோ, கோணி போட்டது தெரியுமா உனுக்கு? பின்னால நெருப்பு மாரி கொதிச்சிகினு இருந்துச்சி, பாவமேன்னு போட்டேன். ரெண்டு மாசமா நா நனைச்சி நனைச்சிப் போத்தலன்னா, நீ ரிப்பேரு பாத்த லட்சணத்துக்கு அது எப்பவோ எரிஞ்சி போயிருக்கும்!"

செல்வநாதன் ஒரு கணம் என்னை முறைத்தான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா மேரி" என்றான்.