வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி யார்

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், மாவு மில்லைத் தாண்டியதும் கலைமதியின் வீடு. முன்னறையில் ஓர் எம்ப்ராய்டரி மெஷின், அதன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். கல்யாண ஜாக்கெட்டின் கையிலும் முதுகிலும் வரும் பூவேலையை முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். ஊசி எந்தப் பக்கம் போகணும், எங்கே நூல் மாறணும் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டால் மெஷின் அப்படியே தைத்துத் தரும். சுற்று வட்டாரத்தில் மெஷின் வைத்திருப்பவர்கள் பலர். வரையத் தெரிந்தவர்கள்தான் இல்லை. எங்கிருந்தோ வாங்கிய மயிலையும் மாங்காயையுமே எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலைமதி தாவரவியல் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை எதுவும் அமையவில்லை. ஆனால் பூவைப் பிரித்துப் பார்க்கிற கண் அவளிடம் தங்கிவிட்டது. ஆவாரம்பூ, எருக்கம்பூ, நுணாப்பூ என்று தினமும் வழியில் பார்க்கிற பூக்களை அவள் ஜாக்கெட் கையில் கொண்டுவந்தாள். பட்டுப் புடவைக்கு எருக்கம்பூவா என்று முதலில் முகம் சுளித்தவர்கள், தைத்து முடித்ததைப் பார்த்துவிட்டுத் தங்கள் தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவளுக்கு நெருங்கிய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். பூவிழி. தருமபுரியில் தையல் பயிற்சிக்குப் போனபோது பழக்கம். பூவிழிக்கு வரைய வராது, கம்ப்யூட்டர் நன்றாக வரும். தருமபுரியில் சொந்தமாக எம்ப்ராய்டரி கடை வைத்திருந்தாள். கலைமதி கம்ப்யூட்டர் வாங்கியதும் பூவிழிதான் வந்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். மத்தியானம் களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டாள். கிளம்பும்போது திரையின் ஓரத்தைக் காட்டினாள். பச்சை நிறத்தில் சின்னக் கேடயம், அதற்குள் ஒரு டிக்.

"வைரஸ் வராம பாத்துக்கறது இதுதான். இது பச்சையா இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. செவப்பாச்சுன்னா எனக்குப் போன் பண்ணு. நீயா எதையும் நோண்டாத."

அது ஒருநாளும் சிவப்பாகவில்லை. பூவிழியும் அடிக்கடி போனில், "கம்ப்யூட்டர் நல்லா ஓடுதாடி?" என்று விசாரிப்பாள். தன் மேல் இத்தனை அக்கறையா என்று கலைமதிக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

போன தை மாதம் பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் கலைமதிக்கு எதிர் வரிசையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இலையில் சாதம் விழுந்த பிறகும் கலைமதியின் கண் அந்த அம்மாளின் கையை விட்டு நகரவில்லை. ஜாக்கெட் கையில் புளியம்பூ. மஞ்சள் இதழ் மூன்று, இரண்டில் சிவப்பு நரம்பு, மூன்றாவது வெறுமையாக. அது கலைமதி வரைந்துகொண்டிருந்த பூ. மூன்றாவது இதழுக்கு நரம்பு போடுவதற்குள் கரண்ட் போய்விட, அப்புறம் பார்க்கலாமென்று விட்டிருந்தாள். ஒரு துணியிலும் அதைத் தைத்ததில்லை. ஒருவருக்கும் காட்டியதில்லை.

கை கழுவுகிற இடத்தில் அந்த அம்மாளிடம் கேட்டாள். "ஓசூர்ல எங்க நாத்தனார் தச்சுக் குடுத்ததுங்க. புது டிசைனாம், வெலை குடுத்து வாங்கினாங்களாம்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் கலைமதி பூவிழியைத்தான் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"கேடயம் பச்சையா இருக்கா?" என்று பூவிழி கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப கம்ப்யூட்டர் வழியா போவல. வூட்டுலதான் யாரோ பென்டிரைவ்ல எடுத்திருக்காங்க. கோச்சுக்காத, உங்க வூட்டுக்காரரக் கேட்டுப் பாரு. லாரி எடுத்துட்டு ஓசூருக்குத்தான போறாரு."

அவள் கணவன் மாதேஷ் மாங்கூழ் ஆலையில் லாரி ஓட்டுகிறவன். ஓசூருக்குப் போய்வருவது உண்மைதான். அன்று சாயங்காலம் அவன் வந்ததும் கலைமதி கேட்டுவிட்டாள். "என் டிசைன் எதையாச்சும் யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"எனக்கு அதத் தொறக்கக்கூடத் தெரியாதே."

"வேற யாருங்க இருக்காங்க இந்த வூட்டுல?"

மாதேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதிலிருந்து அவன் முன்னறைப் பக்கமே வருவதில்லை. தேவைக்கு மட்டும் பேசினான்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. வைரஸ் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொன்னது. ஓரத்திலோ கேடயம் பச்சையாக, எல்லாம் சரி என்றது. எதை நம்புவது என்று கலைமதிக்குப் புரியவில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். எச்சரிக்கை மறுபடியும் வந்தது. கேடயத்தைத் திறந்து, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்றது. அப்போதுதான் இன்டர்நெட் பெட்டியில் விளக்கு எரியாததைக் கவனித்தாள். அதன் ஒயர் கழன்று கிடந்தது. இணைப்பே இல்லாமல் எங்கிருந்து புதுப்பித்தது? இன்னொரு முறை அழுத்தினாள். கொஞ்சமும் தயங்காமல் அதே பதில்.

பூவிழியைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கேடயத்தை உருவாக்கிய கம்பெனியின் உதவி எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். எடுத்தவள் தன் பெயர் எழிலரசி என்றாள். பொறுமையாகக் கேட்டு, கேடயத்தின் உரிம எண்ணை வாங்கிச் சரிபார்த்தாள்.

"மேடம், இந்த நம்பர் எங்களுது இல்லைங்க. யாரோ பூட்டு உடைச்ச திருட்டுக் காப்பியப் போட்டிருக்காங்க. நீங்க பாக்கறது வெறும் படந்தாங்க. உள்ள எதுவும் ஓடல."

"எப்பருந்துங்க?"

"போட்ட நாள்லருந்தே ஓடியிருக்காதுங்க."

கம்ப்யூட்டரோடு வந்த பாதுகாப்பையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று எழிலரசி வழி சொன்னாள். அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. 'இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கவனித்துக்கொள்கிறார்.'

"இது வூட்டு கம்ப்யூட்டருங்க. இதுக்கு எவங்க நிர்வாகி?" என்றாள் கலைமதி.

"இதுல யார் யாரு பேருல கணக்கு இருக்குன்னு பாருங்க."

இரண்டு இருந்தன. ஒன்று கலைமதி. அவள் வெறும் பயனாளி. நிர்வாகி என்று இருந்தது பூவிழி. கூடவே, தூரத்தில் இருந்தபடி இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிற ஒரு மென்பொருளும் இருந்தது. அது வேலை செய்ய வேண்டுமென்றுதான் பாதுகாப்பு அணைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் கலைமதி தருமபுரி பஸ் ஏறினாள். பூவிழி கடையில் தனியாக இருந்தாள். கலைமதியின் முகத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்தினாள்.

"மொதல்ல உனக்கு ரிப்பேர் பாக்கத்தான் போட்டேன்" என்று அவளே ஆரம்பித்தாள். "அப்புறம் கடைக்கு வர்றவங்க எல்லாம் உன் பூவயே கேட்டாங்க. நான் போடறத யாரும் திரும்பிப் பாக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே."

"குடுத்திருப்ப. ஒவ்வொண்ணுக்கும் உன் முன்னாடி வந்து நிக்கணுமே." பூவிழி நூல்கண்டை எடுத்து வைத்தாள். "அப்புறம் ஓசூர்க்காரங்களும் கேட்டாங்க. குடுத்தேன்."

கலைமதிக்கு அது எதுவும் பெரிதாகப் படவில்லை. வழியெல்லாம் மனசில் உருட்டிக்கொண்டு வந்தது வேறு.

"என் வூட்டுக்காரர் பேர ஏன் சொன்ன?"

பூவிழி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "யார் பேரையாச்சும் சொல்லணும் இல்ல" என்றாள்.

அதற்கு மேல் கலைமதி அங்கே நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மாதேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழுதாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "அவ ஒரு வார்த்த சொன்னா, நம்பிட்ட. நான் சொன்னேன், நம்பல" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரை முழுதாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொரு படியையும் தானே படித்துப் படித்துச் செய்தாள். நிர்வாகி இப்போது அவள்தான். போலீசில் புகார் கொடுக்கச் சிலர் சொன்னார்கள். பூவுக்குள் யார் பேர் இருக்கிறது, என் பூ என்று எதைக் காட்டுவது என்று விட்டுவிட்டாள். பூவிழி இருமுறை போன் செய்தாள். கலைமதி எடுக்கவில்லை. மாதேஷ் பேசுகிறான், சிரிக்கிறான். முன்னறைக்குள் வருவதாக இருந்தால் மட்டும், "வரலாமா?" என்று கேட்டுவிட்டு வருகிறான். அப்படிக் கேட்க வேண்டாமென்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.

போன வாரம் சென்னம்மாள் என்றொரு பெண் மகளின் வளைகாப்புக்கு ஜாக்கெட் தைக்க வந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நுணாப்பூக் கொத்து. கலைமதி வரைந்து, தன் தங்கைக்கென்று தனியாக வைத்திருந்தது.

"ஓசூர் கடையோட டிசைனுங்க இது. இதே மாதிரி உங்களால போட முடியுங்களா?"

கலைமதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "முடியுங்க" என்று சொல்லி, அளவு நாடாவை எடுத்தாள்.