இன்பமேரி டைப் அடிக்காத இரண்டு வார்த்தைகள்

சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ பேக்டரி இருந்தது. மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்து கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். அதன் ஆபீசில் ஐம்பத்தேழாம் வருஷம் இன்பமேரி டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். வயது இருபத்தொன்று. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்து, டைப்ரைட்டிங் ஹையரும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்தவள். அவளுடைய அப்பா உபகாரசாமிக்குச் சேலம் ஜங்ஷனில் மூட்டை தூக்குகிற வேலை. சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை, தலையில் சும்மாடு. ஆபீசில் யாராவது "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால், "ரயில்வேயில இருக்காருங்க" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேரைப் பார்த்து வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று தெரிந்துகொண்டு, சாதி கேட்காமல் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாற்றம் அவளுக்குக் குமட்டியது. ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால்தான் கிழங்கு கழுவிய தண்ணீர் தேங்கும். புளித்து, நுரைத்து, மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டி நிற்கும். புடவையில் ஏறிய வாடை சூரமங்கலத்து வீடு போய்ச் சேரும்வரை டவுன் பஸ்சில் அவளோடு வரும். அதுகூடப் பழகிவிட்டது. பழகாமல் போனது மேனேஜர் கந்தப்பன்தான்.

கந்தப்பன் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கை நீட்டமாட்டார், கத்தமாட்டார், சம்பளத்தை ஒன்றாம் தேதி கொடுத்துவிடுவார். அவருக்கு ஒரே பித்து, இங்கிலீஷ் வார்த்தைகள். மேஜைமேல் செங்கல் கனத்தில் ஒரு டிக்‌ஷனரி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டபின், கட்டைவிரலை நாக்கில் நனைத்து அதைப் புரட்டுவார். ஒவ்வொரு வார்த்தையும் எந்தப் பாஷையிலிருந்து இங்கிலீஷுக்குப் போனது என்று அதில் போட்டிருக்கும்.

"ஏம்மா இன்பமேரி, நாம சேகோ சேகோன்னு எழுதறமே, அது இங்கிலீஷா? இல்லீங்கறேன். மலாய்க்காரன் வார்த்தை. இவன் வாங்கிக்கிட்டான். இவனோடதுன்னு பார்த்தா பாதிகூடத் தேறாது போல."

ஆரம்பத்தில் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கட்டுமரம் அப்படியே கடல் தாண்டிப் போயிருந்தது. சுருட்டு, 'செரூட்' ஆகி வெள்ளைக்காரன் வாயில் ஏறியிருந்தது. மிளகுத்தண்ணியை அவன் 'மல்லிகட்டானி' சூப் என்று குடித்தான். மாங்காயும் கறியும்கூட நம்மிடமிருந்து போனவை. கேட்கும்போது நன்றாக இருக்கும். ஆனால் அர்த்தம் சரிபார்க்க அவள் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மூலையில் சிவப்பு எச்சில் ரேகை காய்ந்து கிடக்கும். நகத்தின் நுனியால் பிடித்துத் திருப்புவாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் டவுன் வாசகர் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச கந்தப்பனைக் கூப்பிட்டார்கள். 'தமிழன் இங்கிலீஷுக்குக் கொடுத்த வார்த்தைகள்' என்று தலைப்பு வைத்துக்கொண்டார். பேச்சை அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல இன்பமேரி சுருக்கெழுத்தில் எடுத்தாள். கூலி என்கிற வார்த்தை வந்தது. அவள் பென்சில் கொஞ்சம் தயங்கிப் பிறகு ஓடியது. அதற்கடுத்து, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, அவர் சொன்னார்: "பரையா."

பென்சில் நின்றது.

காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பிறகு தமிழில் விளக்கினார். "பறையடிக்கறவனைச் சொல்ற பேரும்மா. எங்க போயிருக்குது பாரு. ஒரு மந்திரியைக் கட்சியில ஒதுக்கி வெச்சா லண்டன் பேப்பர்ல இந்த வார்த்தையைத்தான் எழுதறான். நம்மூர்ச் சேரியில கெடந்த வார்த்தை. உலகம் பூராச் சுத்தீட்டு வந்திருக்குது." சொல்லிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார், பாயசம் குடித்தவர் மாதிரி.

சாப்பாட்டு வேளையில் அவர் இல்லாதபோது அவள் டிக்‌ஷனரியைத் திறந்து பார்த்தாள். தமிழ், பறை என்று மூலம் போட்டிருந்தது. அர்த்தம் ஒன்று, கீழ்ச்சாதிக்காரன். இரண்டு, யாராலும் சேர்க்கப்படாதவன். கடைசியில், சொந்தக்காரன் இல்லாத தெருநாய்க்கும் அந்தப் பேர் உண்டு என்றிருந்தது. அந்தப் பக்கத்து மூலையிலும் சிவப்பு ரேகை. நாயையும் படித்துவிட்டுத்தான் அவர் பேச்சில் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சாப்பாட்டுத் தூக்குப்போசியை அவள் அன்றைக்குத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக ஜங்ஷனுக்குப் போனாள். உபகாரசாமி ஒரு இரும்புப் பெட்டியை இறக்கிவிட்டு, பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மல்லசமுத்திரத்துப் பக்கம் இருந்த காலத்தில் அவர் பறை அடித்தவர். கல்யாணமாகிச் சேலம் வந்தபின் விட்டுவிட்டார். நடந்ததை அவள் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டார்.

"வெள்ளைக்காரன் ஊரு வரைக்கும் போயிருச்சா சாமி அது?"

"போயிருச்சுப்பா."

"அங்க போயி என்னன்னு அர்த்தம்?"

அவள் சொன்னாள். நாயையும் சொன்னாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவ்வளவு தூரம் போயும் நாய்க்குத்தானா" என்றார். பிறகு, "அவுரு சொன்னதை அடிச்சுக் குடுத்துட்டு வா கண்ணு. அதுக்கொசரம் வேலையை உட்டுராத" என்றார். அந்த நேரத்தில் மெட்ராஸ் வண்டி வந்து நின்றது. முதல் வகுப்பிலிருந்து ஒருவர் விரலைச் சொடுக்கி "கூலி" என்று கூப்பிட்டார். அப்பா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

தோட்டத்திலிருந்து மாங்காய் போயிற்று, அடுப்படியிலிருந்து மிளகுத்தண்ணி போயிற்று. தன் வீட்டிலிருந்து போனவை கூலியும் அந்தச் சாதிப் பேரும்தான் என்று நினைத்தபோது அவளுக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. கோபம்கூட இல்லை அது. ஈ விழுந்த சோற்றைப் பார்க்கிறபோது வருமே, அது.

மறுநாள் பேச்சை டைப் அடித்து மேஜையில் வைத்தாள். கந்தப்பன் அதிலிருந்த வார்த்தைப் பட்டியலை எண்ணினார்.

"முப்பத்தி மூணு சொன்னேன். முப்பத்தொண்ணுதான் இருக்குது."

"ரெண்டை விட்டுட்டேனுங்க."

"மறந்துட்டயா?"

"இல்லீங்க. கூலின்னு எங்கப்பாவைத்தான் கூப்படறாங்க. ஜங்ஷன்ல மூட்டை தூக்கறாருங்க. இன்னொண்ணு நாங்க பொறந்த சாதிங்க. அந்த ரெண்டையும் என் கையால அடிக்க முடியாதுங்க."

ஆபீசில் மற்ற இரண்டு குமாஸ்தாக்களும் பேனாவை நிறுத்தினார்கள். பியூன் செங்கோடன் தண்ணீர்ச் செம்போடு வாசலிலேயே நின்றுவிட்டார். கந்தப்பன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் உன்னையச் சொல்லலியேம்மா. வார்த்தையைத்தானே சொன்னேன்" என்றார். பிறகு மெதுவாக, "நீ வெறும் வேதக்காரப் புள்ளைன்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார்.

அன்றைய கல்கத்தாக் கடிதத்தை அவள் நீட்டினாள். வாங்க வந்த அவருடைய கை பாதியில் நின்றது. "மேஜையில வெச்சுட்டுப் போ" என்றார்.

அடுத்த நாள் டீ வந்தபோது எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு மட்டும் ஒரு கண்ணாடி கிளாஸ், ஜன்னல் கட்டையில் தனியாக இருந்தது. வைத்தவர் செங்கோடன்தான். "நானா வெக்கலீங்க அம்மிணி. சொன்னாங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இன்பமேரி கிளாசை எடுத்து ஜன்னலுக்கு வெளியே, புளித்த தண்ணீரில் டீயைக் கொட்டினாள். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விட்டுப்போன இரண்டு வார்த்தைகளையும் கந்தப்பன் வெளியே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து அடித்து வாங்கிக்கொண்டார். ஆண்டு விழா நன்றாக நடந்தது. இன்பமேரி போகவில்லை. போய் வந்த செங்கோடனிடம் அவளே கேட்டாள்.

"இங்கிலீசு நமக்கென்னுங்க தெரியும்" என்றவர், கொஞ்சம் இழுத்து, "அந்த வார்த்தை வந்தப்பத்தான் ரொம்பக் கைதட்டுனாங்க. சிரிச்சுச் சிரிச்சுத் தட்டுனாங்க" என்றார்.

அவள் உடனே வேலையை விட்டுவிடவில்லை. விடுகிற வசதி வீட்டில் இல்லை. பதினோரு மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து கல்கத்தாவுக்குக் கடிதம் அடித்தாள். கந்தப்பன் முன்போலவே மரியாதையாகப் பேசினார். கடிதங்களை மேஜையில் வைக்கச் சொன்னார். வார்த்தைகளைப் பற்றி மட்டும் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ரயில்வே பரீட்சையில் பாஸாகி, சூரமங்கலம் கூட்ஸ் ஆபீசுக்கு உத்தரவு வந்த அன்று, ராஜினாமாக் கடிதத்தையும் மேஜையில்தான் வைத்தாள்.

புது ஆபீசில் சேரும்போது படிவத்தில் சாதி என்ற இடத்தைத் தன் கையாலேயே, தெளிவான எழுத்தில் நிரப்பினாள். அங்கேயும் சிலர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அதிகாரிகள் போர்ட்டர்களைப் பற்றிக் கடிதம் சொல்லும்போது கூலி என்று சொன்னால் அவள் லைசென்ஸ் போர்ட்டர் என்று அடிப்பாள். ஒருத்தர் பேனாவால் அடித்துத் திருத்தித் திருப்பி அனுப்பினார். மறுபடியும் அப்படியே அடித்து வைத்தாள். மூன்றாவது தடவை அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு காலையில், ஜவ்வரிசிக்கு வேகன் கேட்டு, கந்தப்பனே கூட்ஸ் ஆபீசுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்பமேரி, இங்கயா இருக்கற. நல்லதாப் போச்சு" என்று பையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். "நம்ம பேச்சு. புத்தகமாப் போட்டுட்டேன், ஐந்நூறு காப்பி. முன்னுரையைப் பாரு."

பார்த்தாள். இந்தப் பட்டியலை முதன்முதலில் பிழையில்லாமல் டைப் அடித்து உதவிய குமாரி இன்பமேரிக்கு நன்றி என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்து மூன்று வார்த்தைகளும் வரிசையாக இருந்தன.

"உன் மனசு நொந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் பேரைப் போட்டேன்" என்றார். உண்மையாகவே சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

டிராயரிலிருந்து பிளேடை எடுத்தாள். ஸ்கேலை வைத்து, முன்னுரையில் தன் பேர் இருந்த இடத்தை மட்டும் நான்கு பக்கமும் கீறி எடுத்தாள். புத்தகத்தை மூடி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வார்த்தையெல்லாம் அப்படியே இருக்குதுங்க. எம் பேரை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

கந்தப்பன் அந்தச் சதுர ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அச்சாயிருச்சேம்மா" என்றார். அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"ஆமாங்க. எத்தனை வேகன் வேணும்?"

அவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். அவர் போனபின், பக்கத்து மேஜை குமாஸ்தா யார் என்று விசாரித்தார். "சேகோ பேக்டரிக்காரர்" என்றாள். வெட்டிய துண்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். மீதிப் புத்தகங்களெல்லாம் தன் பேரைச் சுமந்துகொண்டு சேலத்து அலமாரிகளில் இருக்கின்றன என்ற நினைப்பு அவளுக்கு வெகுகாலம் போகவில்லை. எந்த வீட்டிலாவது புத்தக அடுக்கைப் பார்த்தால் அவளுக்கு வாய் கசக்கும்.