அசல் தாடிகள் பார்த்த மோதிரம்

கெனெண்டலுக்கு சினிமாவிலேயே கல்யாணம் முடிந்துவிட்டதாம். ஊறுகாய்க்காரியிடம் நாவிதர் பெண்டாட்டி சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னார்களோ, ஸ்மோச்சா தெரு முழுக்க இதே பேச்சு.

"என்னடி, ரெண்டு புருஷனா? ஒண்ணை இங்கே தள்ளேன்!" என்று கெனெண்டலைச் சீண்டினாள் பக்கத்துக் கடைக்காரி.

"உனக்கு இருக்கிற ஒண்ணே தாங்கலியே, செய்ன்டல்!"

வார்சாவில் பதினாலு வயதிலிருந்து உப்புமீன் பீப்பாய்க்குப் பின்னால் நின்றவள் கெனெண்டல். வண்டிக்கார அப்பா போனபிறகு தங்கைகளைக் கரையேற்றியது அவள் தொண்டைதான். அவள் போலீஸ்காரனோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்த யூதர்களின் யித்திஷ் மொழிப் பட இயக்குநர், கல்யாணக் காட்சிக்கு இவள்தான் மணப்பெண் என்று அழைத்துப்போனார். படத்தில் எல்லாமே நம் யூத ஜனங்களிடம் இருப்பதுபோல் அசலாக இருக்கவேண்டுமாம். பிடில்காரர்கள் அசல், மணப்பெண்ணை அழவைத்துப் பாடும் கல்யாணக் கோமாளி அசல். ஒட்டுத்தாடி வேண்டாமென்று ஜெபக்கூடத்திலிருந்து அசல் தாடிக்காரர்களையே கூட்டிவந்தார்.

வினை அங்கேதான். யூத முறைப்படி, பக்திமான்கள் இரண்டு பேர் பார்த்திருக்க, ஆண் தன் சொந்த மோதிரத்தைப் பெண்ணுக்குப் போட்டுக் கல்யாண வாசகத்தைச் சொல்லிவிட்டால் கல்யாணம் கல்யாணம்தான். மாப்பிள்ளை வேஷம் போட்ட நடிகன் ஒரு சொல் விடாமல் சொன்னான். தாடிக்காரர்களும் தங்களை மறந்து "மஸல் டோவ்!" என்று வாழ்த்தித் தொலைத்தார்கள்.

"சந்தேகத்துக்கு ஒரு விவாகரத்துச் சீட்டு வாங்கிக்கோம்மா," என்றார் மதகுரு ரப்பி.

"வாங்கினா நான் விவாகரத்தானவ. பூசாரிப் பரம்பரையான கோஹென் குலத்துக்காரன் அப்படிப்பட்டவளைக் கட்டக்கூடாது. என் ஃபைவிஷும் அந்தக் குலம்தானே, அவன் என்ன ஆவான்? மாட்டேன், ரப்பி. கேமராவுக்குப் போட்ட மோதிரம் அது."

ரப்பி பெருமூச்சு விட்டார். "மோதிரம் நடிகனோடதா, சினிமாக் கம்பெனியோடதான்னு கேளு. கம்பெனியோடதுன்னா கல்யாணம் செல்லாது."

மதியம் மருந்துக்கடைக்குப் போன் பண்ணிச் சொல்வதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. தொப்பித் தையல்காரன் ஃபைவிஷ், அடுத்த மாதம் மாப்பிள்ளை ஆகவேண்டியவன், மீசையைக் கடித்துக்கொண்டு அங்கே நின்றான்.

மணி அடித்தது. கடைக்காரர் கை நீட்டினார். கெனெண்டல் குறுக்கே வந்தாள்.

"இருங்க லைபுஷ் அண்ணே. ஃபைவிஷ், மோதிரம் அவனோடதுன்னே வெச்சுக்கோ. அப்பவும் சீட்டு வாங்கமாட்டேன். எத்தனை ரப்பி வந்தாலும் நான் எவனுக்கும் பொண்டாட்டி இல்லைன்னு சொல்லுவேன். பக்கத்துல நிப்பியா?"

"எடுத்துப் பார்த்துடலாமே..."

"எடுத்தா கம்பெனி சொல்றது தெரியும். நீ சொல்றது தெரியாது."

ஃபைவிஷ் வாயைத் திறந்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.