அப்பாவும் ஆல்ப்ஸ் மலைக் கருப்பியும்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம்.

வல்லத்தை அடுத்த ஒரு கிராமத்தில், சொந்த நிலமில்லாத குடும்பத்தில் அப்பா பிறந்தார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போனவர். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, பனிமலைகளில் சுமை தூக்கும் குதிரைகளைப் பராமரித்தார். ஓய்வுபெற்றுத் திண்டிவனம் வந்தபின் காவலாளி வேலை கிடைத்தது. வருகிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நாலே மாதத்தில் விட்டுவிட்டார்.

அப்போது ஒலக்கூர் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்காரர் ஒருவர், மரம் இழுக்க ஆல்ப்ஸ் மலையிலிருந்து நோரிக்கர் இனப் பெண்குதிரை ஒன்றை வரவழைத்தார். அகன்ற மார்பு, குளம்புவரை தொங்கும் முடி. நம் வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது என்றார்கள். அப்பா பொறுப்பேற்று, அதற்குக் கருப்பி என்று பெயர் வைத்தார். விடியலில் மட்டும் வேலை வாங்கி, வெயில் ஏறுமுன் குளிப்பாட்டிக் கீற்றுக் கொட்டகையில் மின்விசிறி முன் நிறுத்திவிடுவார். மூன்று கோடைகள் நல்லபடியாகக் கடந்தன.

என் நிச்சயதார்த்தத்தன்று காலை, கருப்பிக்கு வயிற்றுவலி என்று தொலைபேசி வந்தது. பட்டு வேட்டியோடு அப்பா கிளம்பிப் போனார். மேல்மலையனூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள்.

"எவ்ளோ நேரந்தான் உக்காந்துகினு இருக்கறது? வண்டிய எடுங்க, என்னான்னு நானே பாக்கறேன்" என்று என் வருங்கால மாமியார் எழுந்தார். அவமானத்தில் அழுதுகொண்டே நானும் போனேன்.

தோப்பில் அப்பா குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்கச் சேறு.

"இன்னிக்குக்கூட இதுதானாப்பா?" என்று கத்தினேன்.

"கீழ விழுந்து உருண்டா கொடலு முறுக்கிக்கும்மா. டாக்டர் வர்ற வரைக்கும் நடத்திக்கினே இருக்கணும். சம்பந்தியம்மா, மன்னிச்சிக்கங்க" என்றார், நிற்கவில்லை.

விழுப்புரத்திலிருந்து மருத்துவர் வந்து ஊசி போட்டார். அரைமணி கழித்துக் கருப்பி இலத்தி போட்டது; ஆபத்து நீங்கிவிட்டது. அப்பா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வாயில்லாத ஜீவனயே விட்டுட்டு வராதவரு, பொண்ண எப்படி வளத்திருப்பாரு! வீட்ல இருக்கறவங்கள இங்கியே வரச் சொல்லுங்க" என்றார் மாமியார். சவுக்கு நிழலிலேயே தட்டு மாற்றிக்கொண்டோம். இருந்தும் இரண்டு நாள் நான் அப்பாவிடம் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு நுரையீரல் பாதித்து, விழுப்புரம் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். ஒரு விடியலில் அமைதியாகக் கண்மூடினார்.

அந்த நாட்களில் இரவுபகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மகன்போல உடனிருந்த என் கணவருக்கும், அவரைப் பெற்ற அத்தைக்கும் நன்றி.

தோப்புக்காரருக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பா போனபின் கருப்பி புதிய ஆளிடம் தீனி எடுக்கவில்லை. இத்தனை வருடமும் குதிரையென்றாலே பயந்து பத்தடி தள்ளி நின்ற எங்கள் அம்மா, "நான் வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். தோப்புக்காரர் மறுக்கவில்லை. இப்போது தினமும் முதல் பேருந்தில் அம்மா ஒலக்கூர் போகிறார்.