லால்குடியில் காணாமல் போன அண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, லால்குடியில் ஒரு வேனுக்குள் நின்றுகொண்டு நான் போட்ட சத்தம் உங்கள் ஊருக்கே கேட்டிருக்கலாம்.

அண்ணியைக் காணோம்!

அண்ணி என்பவர் என் கணவரின் அக்கா. பெயர் சரோஜா, வயது எழுபது. புனேயில் மகன் வீட்டில் இருக்கிறார். ஐந்து வருடத்துக்குப் பிறகு, பத்து நாள் தங்குவதற்காக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் ரயில். அதற்கு முன்னால், அன்று பகலில் அவருக்காகவே ஒரு டூர் ஏற்பாடு செய்தோம். கொள்ளிடத்தைத் தாண்டி, வயலும் வாய்க்காலுமாக இருக்கிற கிராமங்கள் வழியாக ஒரு சுற்று. வழியில் இருக்கிற கோயில்கள். ஒரு வேன், ஒன்பது பேர்.

ப்ளான் போட்டது யார்? என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது ஒரு கேள்வியா? தங்கை கல்யாணத்தில், எந்தப் பந்தியில் யார் உட்காரவேண்டும் என்று சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியவள் நான்.

ஐந்தே முக்காலுக்கு வேன் கிளம்பும். ஆறு பத்துக்கு உத்தமர்கோயில். அப்புறம் திருவெள்ளறை. எட்டரைக்கு மரத்தடியில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. சமயபுரம். பத்தேகாலுக்கு லால்குடி. நடை சாத்துவதற்குள் அன்பில். பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்ப லால்குடிக்கு வந்து சாப்பாடு... நாலு மணிக்கு வீடு. இதை டைப் செய்து ஒன்பது காப்பி எடுத்திருந்தேன். லேமினேட் செய்யலாம் என்றும் நினைத்தேன். இவர் கையெடுத்துக் கும்பிட்டதால் விட்டுவிட்டேன்.

எல்லோரையும் கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி? யாருக்கு வேனில் குமட்டும்? யாருக்கு ஜன்னல் ஓரம்? ஒன்றையும் விடவில்லை — அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமயபுரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐந்து நிமிடம் முன்னதாகவே ஓடிக்கொண்டிருந்தோம். லால்குடியில் இறங்கும்போது அண்ணி, "முட்டி வலிக்குதும்மா. நான் வேன்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். சரி என்று போனோம். நிம்மதியாக தரிசனம். திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது சீட் காலி!

உடனே ஃபோன் செய்தேன். மணி வேனுக்குள்ளேயே அடித்தது. டிரைவர் சீட் பக்கத்தில், சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது அண்ணியின் ஃபோன். 

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாராம். "அம்மா உள்ளதான் இருந்தாங்க மேடம். பத்து நிமிஷம்தான்..." என்று அவரும் வெலவெலத்துப் போய் நின்றார். பாத்ரூமில் இல்லை. கோயிலுக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்த்தாயிற்று. அங்கேயும் இல்லை. என் தங்கை மெதுவாக, "அக்கா... குளத்துப் பக்கம் பார்த்தீங்களா?" என்றாள். அவள் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். குளத்தை நோக்கி நான் ஓடிய ஓட்டத்தை என் டாக்டர் பார்த்திருந்தால் மாத்திரையை நிறுத்தியிருப்பார். பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, எதைத் தேடுகிறோம் என்று நினைக்கவே பயந்துகொண்டு... ஐயோ, எதிரிக்கும் அந்த ஐந்து நிமிடம் வேண்டாம்.

திரும்பி வரும்போது, வாசலில் பூ விற்கிற பெண்மணிதான் கூப்பிட்டார்.

"நீலப் புடவை கட்டின அம்மாவையா தேடுறீங்க? என்கிட்ட ஒரு முழம் பூ வாங்கிட்டு, புள்ளம்பாடி பஸ்ல ஏறிப் போனாங்களே."

"பஸ்லயா! எங்கே போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையா நீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிளம்புறவங்கள எங்க போறீங்கன்னு எப்படிங்க கேக்குறது? போற காரியம் என்னாவும்?"

அது நியாயம்தான். நம் பக்கத்தில் வாசல் தாண்டுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் அவர் திரும்ப வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். ஆனால் அடுத்ததாக என் கணவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"நானும் பார்த்தேன்..."

"என்னத்தைப் பார்த்தீங்க?"

"கண்ணாடியை மறந்துட்டேன்னு நடுவுல வேனுக்கு வந்தேன்ல? அப்ப அக்கா பையை எடுத்துக்கிட்டு ரோட்டுப் பக்கம் நடந்துட்டு இருந்தா. கடைக்குப் போறா போலன்னு..."

"கேக்கலையா?!"

"கிளம்பும்போது எங்கேன்னு கேட்டா அக்காவுக்குப் பிடிக்காதே."

நடு ரோட்டில் ஒரு மனிதரை என்னவென்று திட்டுவது? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அதற்குள் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. புள்ளம்பாடி!

வியாழக்கிழமை அண்ணி என் ப்ளானைக் கையில் வைத்துக்கொண்டு, "லால்குடியிலேருந்து புள்ளம்பாடி எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார். நான் தலையைக்கூடத் தூக்காமல், "பக்கம்தான் அண்ணி. ஆனா அது நம்ம ரூட்டுல வராது" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

புள்ளம்பாடி பக்கத்தில் ஒரு கிராமத்தில்தான் ரீட்டா டீச்சர் இருக்கிறார். அண்ணியும் அவரும் திருச்சியில் ஒரே ஹாஸ்டல் ரூம், ஒரே ஸ்கூலில் முதல் வேலை. ஆறு மாதம் முன்பு ரீட்டா டீச்சரின் கணவர் இறந்துபோனார். அன்று அண்ணி புனேயிலிருந்து ஃபோனில் அழுதார். "நேர்ல போய் அவ கையைப் புடிக்கணும்மா" என்றார். "நீங்க வாங்க அண்ணி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னது யார்? நான்தான்.

சொன்னேன், மறந்தேன். அண்ணி வந்து பத்து நாள் ஆகியும் ஞாபகம் வரவில்லை! அவராகக் கிளம்பவும் நாள் அமையவில்லை. செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்கப் போகக்கூடாது. நடுவில் தங்கை மகளுக்கு வளைகாப்பு — அதற்கு முன்னால் துக்க வீட்டுப் பேச்சையே எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் நான் ஐந்து கோயிலைப் போட்டு நிரப்பிவிட்டேன்.

அண்ணியின் ஃபோனில் ரீட்டா டீச்சரின் நம்பரைத் தேடி அடித்தேன்.  "சரோஜாவா? இப்பதாங்க வந்து உக்காந்தா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். நான் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேன் புள்ளம்பாடி ரோட்டில் திரும்பியது. "துக்க வீட்டுக்குப் போயிட்டு, குளிக்காம எப்படிக்கா அன்பில் கோயிலுக்குப் போறது?" என்றாள் தங்கை. போக முடியாதுதான். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ரீட்டா டீச்சர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்துப் படியேறினேன். கேட்டது சிரிப்பு! கட்டிலில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே சுவரில் டீச்சருடைய கணவரின் ஃபோட்டோ. அதில் லால்குடிப் பூ.

"சுகர் முந்நூறு இருக்கு, ஆனா அரிசி டின்னுக்குள்ள கடலை மிட்டாயை ஒளிச்சு வெச்சிருக்காரு சரோஜா" என்று ரீட்டா டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "போன மாசம் அரிசி எடுக்க கைய விட்டேன்... ஒரு பாக்கெட் கையில வருது." சிரித்துக்கொண்டே சொன்னவர் அப்படியே அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதார். அண்ணி பிடித்த கையை விடவில்லை.

நான் நிற்பதை அண்ணி அப்போதுதான் பார்த்தார்.

"எங்களுக்கு உசிரே போயிடுச்சு அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணி பையிலிருந்து என் ப்ளானை எடுத்து விரித்தார். "இதுல எந்த இடத்துலம்மா இந்த வீட்டைப் போடுவே? முதல்ல போட்டா உங்க எல்லாருக்கும் கோயில் போச்சு. கடைசியில போட்டா எனக்கு ரயில் போச்சு. நீங்க அன்பில் போயிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு லால்குடிக்குச் சாப்பிட வருவீங்கன்னு போட்டிருக்க. அதுக்குள்ள பஸ்ல திரும்பிடலாம்னு பார்த்தேன். நீங்க கோயில்லேருந்து வர்ற நேரத்துக்கு, பஸ்லேருந்தே ஃபோன் பண்ணிச் சொல்லிடலாம்னு இருந்தேன். பையில கைய விட்டா ஃபோன் இல்ல. பயந்துட்டியாம்மா?"

நான் இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட ப்ளானை, யாருக்கும் குறை வராமல், ஒரு கோயில்கூடக் கெடாமல் திருத்தியிருக்கிறார்! கோபப்படத்தான் வந்தேன். அழுகைதான் வந்தது.

ஒரு மணி நேரம் இருந்தோம். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது இல்லையா? அண்ணி ரீட்டா டீச்சரின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, எழுந்து, ஒன்றும் சொல்லாமல் நடந்தார். ரீட்டா டீச்சரும் வாசலுக்கு வரவில்லை. பின்னால் நடந்துகொண்டிருந்த எனக்குச் சுரீரென்றது. துக்க வீட்டில்தான் இப்படிச் சொல்லாமல் கிளம்புவார்கள். காலையில் எங்கள் வேனிலிருந்தும் அண்ணி இப்படித்தானே இறங்கிப் போயிருக்கிறார்? ஒன்பது பேருக்கும் என்னென்ன வேண்டும் என்று கேட்டேனே... அண்ணி, உங்களுக்கு எங்கே போகணும் என்று ஒருமுறை கேட்டேனா?

சாயங்காலம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். ஜன்னல் ஓரத்தில் அண்ணி. "போயிட்டு வரேம்மா" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்ட வார்த்தைதான். அன்றைக்குத்தான் அதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது.

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நாலு அடி ஓடி, "அடுத்த தடவை எங்கே போகணும் அண்ணி?" என்று கத்தினேன்.

கிளம்புகிறவளைப் போய் எங்கே என்று கேட்கிறாயே என்று இவர் என் கையைக் கிள்ளினார். கிள்ளட்டும்!