அறுத்த ஸ்பிரிங்கும் ஒட்டக ஜீப்பும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் விட்டுவைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுதுவதைவிட அடுத்தவரைக் கிண்டலடிப்பதுதான் எனக்குச் சுலபம்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். என் பழைய காரின் கம்பெனி ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக்கடையில் வாங்கியவற்றை இரண்டு சுற்று அறுத்து மாட்டியிருந்தேன். கார் தரையோடு பதுங்கி நிற்கும். "குழியில வீலு தொங்குனா ஸ்பிரிங்கு நழுவிரும்டா" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

பக்கத்தில் என் கூட்டாளி. முன்னால் உயரமான ஒரு ஜீப், நிறைய ஏலத்தோட்டத்துப் பெண்கள். முந்தும்போது கூட்டாளியின் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி, "என்ன ஆத்தா, ஒட்டகத்து மேல ஊர்கோலமா?" என்று கத்தினேன்.

"நீ தரையைத் தேச்சுராம போ அப்பு!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. 'டங்' என்று சத்தம். பின்பக்கம் இடதுபுறம் படுத்துவிட்டது. டயர் தகரத்தில் உரசிக் கருகும் நாற்றம். வண்டி என் பேச்சைக் கேட்காமல் ஓரத்துக்கு இழுத்தது. எப்படியோ நின்றபோது, தடுப்புச்சுவர் இடிந்துகிடந்த இடத்தில் முன் இடது சக்கரம் அந்தரத்தில் இருந்தது. கூட்டாளியின் கதவுக்கு வெளியே வெறும் மூடுபனி. அவன் அசைந்தான், காரும் ஆடியது.

"மாப்ளே, மூச்சுகூட விடாதடா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

ஜீப் வந்து நின்றது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். "வெரசா எல்லாரும் பின்னாடி ஏறுங்க!" என்றார் டிரைவர். ஆறு பெண்கள் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கார் சரிந்தால் அவர்களுக்கும் அதே பள்ளம்தான். கூட்டாளி என் மடிமேல் தவழ்ந்து, என் கதவு வழியாக இறங்கினான். பிறகு நான். டிரைவர் கயிறு கட்டி ஜீப்பால் காரைப் பின்னுக்கு இழுத்துச் சாலையில் நிறுத்தினார். எனக்குப் பதில் சொன்ன அந்தப் பெண் கடைசியாகக் குதித்தார்.

கம்பெனி ஸ்பிரிங்குகள் மொட்டைமாடியில் இருந்தன. வடகத் துணி பறக்காமலிருக்க அம்மா பாரமாக வைத்திருந்தார். மறுநாளே தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். மலையில் இப்போது எந்த ஜீப் வந்தாலும் ஒதுங்கி வழி விடுகிறேன். அந்த ஆறு பேரின் கனத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

ஒரு மாதமாக என் காரில் ஏற மறுத்த கூட்டாளியின் வீட்டு வாசலில் போய் நிறுத்தினேன். அவன் குனிந்து சக்கரத்துக்கு மேலிருந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தான்.

"ஒட்டகம் மாதிரிதான்டா இருக்கு... சரி, கதவைத் தெற."