பங்குனியில் காய்ச்சாத பால்

வருமான வரிச் சட்டத்தின் எண்பத்தெட்டாம் பிரிவின் மேல் வீரணன் வாத்தியாருக்கு இருந்த பிரியம், அதை எழுதியவருக்கே இருந்திருக்குமா என்பது சந்தேகம். உத்தமபாளையத்தில் கணக்கு வாத்தியார்; வீடு காமயகவுண்டன்பட்டி. பிப்ரவரி பிறந்தால் சக ஆசிரியர்கள் காகிதக் கட்டோடு அவர் முன்னறையில் கூடிவிடுவார்கள். வரிக்கணக்குப் போட்டுத் தருவார். கூலி கிடையாது, பிரசங்கம் உண்டு.

"வீட்டுக்கடன்ல அசலைக் கட்டுனா வரியில தள்ளுபடி தாராக. அஞ்சு வருசத்துக்குள்ள வீட்டை வித்தீகன்னா, தந்தது பூராத்தையும் ஒரே வருசத்துல திருப்பி வாங்கிருவாக. அந்த அஞ்சும் குடிபோன தேதியிலருந்து இல்ல சார், அதுக்கு அடுத்து வர்ற மார்ச்சு முடிஞ்ச பெறகு எண்ணணும்!"

டீ கொண்டுவரும் மனைவி அக்கம்மாள் சரியாக இந்த இடத்தில் உள்ளே போய்விடுவாள். காரணம் இருந்தது. 1998 மார்ச்சில் வீடு தயார். "இந்த மாசமே குடிபோனா ஒரு வருசம் லாபம்" என்றார் வாத்தியார்.

"பங்குனியில எவ பால் காச்சுவா? ஊரு சிரிக்கும்."

பால் சித்திரையில் பொங்கியது. ஐந்து வருடக் கெடு 2004 மார்ச்சுக்குத் தள்ளிப் போனது.

வீட்டை ஒட்டித் திராட்சைத் தோட்டம். மருந்தடிக்கும் நாளெல்லாம் அக்கம்மாளுக்கு இளைப்பு. 2003 ஆனியில், இடத்தை மாற்றாமல் தேறாது என்று டாக்டர் கைவிரித்தார். வாடகையும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டச் சம்பளம் தாங்காது, விற்றுத்தான் ஆகவேண்டும். பங்குனியில் காய்ச்சியிருந்தால் கெடு போன மார்ச்சோடு முடிந்திருக்கும். இப்போதோ இன்னும் ஒன்பது மாதம்.

"பொறுப்போமே," என்றாள் அக்கம்மாள், இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாக. "சன்னலச் சாத்திக்கிறேன். அந்தத் தள்ளுபடி..."

"அந்தச் சட்டத்த மாத்திட்டாக. ஒண்ணும் கட்ட வேணாம்."

இருபது வருடமாக அரசாங்கத்திடம் ஒரு ரூபாய்கூடப் பொய் சொல்லாத மனிதர், முதல் பொய்க்கணக்கை மனைவியிடம் தாக்கல் செய்தார். வீட்டை விற்றார். ஐந்து வருடத் தள்ளுபடி பத்தாயிரத்து அறுநூறை அடுத்த பிப்ரவரியில் தன் வரிப் படிவத்தில் தன் கையாலேயே கூட்டி எழுதினார். அந்த எண் மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு.

அதற்கெல்லாம் முன்பே, வீடு விற்ற கையோடு உத்தமபாளையத்தில் வாடகை வீடு கிடைத்தபோது ஆடி இரண்டு.

"ஆவணி வரைக்கும் என் தங்கச்சி வீட்டுல இருப்பமா?" என்றார் வாத்தியார். "ஆடியில எவ பால் காச்சுவா?"

"நாந்தேன்." அக்கம்மாள் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். "போன தடவ ஒரு மாசம் பொறுத்துட்டு ஒரு வருசத்த எழந்தது போதாதா? எம்புட்டுக் கட்டணும்?"

"சட்டத்த மாத்திட்டாகன்னு..."

"அஞ்சு பிப்ரவரியா டீ போட்டுக்கிட்டே கேட்டிருக்கேன். சட்டத்த மாத்தியிருந்தா நீங்க ஊரையே கூட்டிப் பிரசங்கம் வச்சிருக்க மாட்டீக? பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும். பொங்கப் போகுது, தள்ளி நில்லுங்க!"

ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல் இவ்வளவையும் அவள் பேசி முடித்ததை வாத்தியார் கவனித்தார். அடுப்பை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.